கணுக்காலிகளில் வளர்ச்சிக் குறிகை மரபணுக்களின் படிவளர்ச்சி

கணுக்காலிகளில் வளர்ச்சிக் குறிகை மரபணுக்களின் படிவளர்ச்சி என்பது பூச்சிகள், நண்டு இனங்கள், மரவட்டைகள், சிலந்திகள் முதலிய கணுக்காலிகளின் உடல் உருவாகும்போது உயிரணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் மரபணுக்கள், பல கோடி ஆண்டுகளில் எவ்வாறு காக்கப்பட்டன, இழக்கப்பட்டன, இரட்டித்தன, புதிய பணிகளை ஏற்றன என்பதை விளக்கும் ஆய்வுப் பொருளாகும். இது படிவளர்ச்சியையும் (பரிணாமம்) கரு வளர்ச்சியையும் இணைத்து ஆராயும் உயிரியல் துறையின் ஒரு பகுதி ஆகும்.

இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கணுக்காலிகள் ஆகும். ஈயும் தேளும், வண்ணத்துப்பூச்சியும் இறாலும் தோற்றத்தில் பெரிதும் வேறுபட்டாலும் அவற்றின் உடலை உருவாக்கும் குறிகை மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வோர் உருவத்திற்கும் புதிய மரபணுக்கள் தோன்றவில்லை. பழைய மரபணுக்கள் இயங்கும் இடம், காலம், படிகளின் எண்ணிக்கை ஆகியவையே பெரிதும் மாறியுள்ளன. இத்துறையின் அடிப்படை முடிவு இதுவேயாகும். இதன் வரலாற்றில் புது தில்லியில் 1973-ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட ஒரு சிறகற்ற பழ ஈக்கு முக்கிய இடம் உண்டு. பூச்சிக்கொல்லிகள் எந்தப் பூச்சியைக் கொல்லும், எதனை விட்டுவைக்கும் என்பதை அறியவும் இத்துறை பயன்படுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு முட்டையிலிருந்து தோன்றும் உயிரணுக்கள் அனைத்தும் ஒரே மரபணுத்தொகுதியைக் கொண்டவை. எனினும் அவற்றுள் சில காலாகவும் சில கண்ணாகவும் சில குடலாகவும் மாறுகின்றன. ஓர் உயிரணு தான் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அண்டை உயிரணுக்கள் அனுப்பும் வேதிச் செய்திகளைக் கொண்டே அறிகிறது. இச்செய்தி குறிகை (சமிக்ஞை) எனப்படும்.

ஒரு குறிகை வழித்தடத்தில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, ஓர் உயிரணு வெளிவிடும் குறிகைப் புரதம் அல்லது ஓமோன் (இயக்குநீர்). இரண்டாவது, அதனைப் பெறும் உயிரணுவிலுள்ள ஏற்பி. மூன்றாவது, ஏற்பி பெற்ற செய்தியை உயிரணுவின் கருவுக்குக் கொண்டு சென்று, சில மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும் புரதங்களின் தொடர். சில ஓமோன்களின் ஏற்பி உயிரணுக் கருவிற்குள்ளேயே இருக்கும். அங்கு இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஒன்றாகிவிடும்.

கணுக்காலிகளின் வளர்ச்சியில் பங்குகொள்ளும் முதன்மையான வழித்தடங்கள் பின்வருவன:

* விண்ட் வழித்தடம் - உடற்கண்டங்களின் எல்லை, சிறகு, கால், உடலின் பின்முனை வளர்ச்சி
* எட்சாக் வழித்தடம் - உடற்கண்டங்களின் முன் பின் வேறுபாடு, உறுப்புகளின் வளர்ச்சி
* நாட்ச் வழித்தடம் - ஒன்றையொன்று தொட்டிருக்கும் உயிரணுக்களிடையே செய்தி, நரம்பணுத் தெரிவு
* டி.பி.பி. வழித்தடம் - உடலின் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் பிரிதல்
* டோல் வழித்தடம் - பூச்சிகளில் முதுகு வயிறு அச்சு, நோய் எதிர்ப்பு
* எக்டைசோன், இளமை ஓமோன் வழித்தடங்கள் - தோலுரித்தல், உருமாற்றம்

இவற்றுள் பெரும்பாலானவை முதுகெலும்பிகளிலும் உள்ளன. எனவே இவை கணுக்காலிகள் தோன்றுவதற்கு முன்பே இருந்தவை என்பது தெளிவு. கடல் சாமந்தி போன்ற எளிய விலங்குகளிலும் விண்ட் மரபணுக்களின் பெரும்பாலான துணைக்குடும்பங்கள் இருப்பது 2005-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

வரலாறு

தில்லியின் சிறகற்ற ஈ

புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். பி. சர்மா, டிரோசோபிலா மெலனோகாஸ்டர் எனும் பழ ஈயில் தாம் கண்ட ஒரு சடுதி மாற்றத்தை 1973-ஆம் ஆண்டு ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். அந்த ஈக்களில் ஒரு சிறகோ இரண்டு சிறகுகளுமோ இல்லாதிருந்தன. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் மார்புப் பகுதியின் முதுகுத்தகடு கண்ணாடியில் தெரியும் உருவம்போல் எதிர்ப்பக்கமாக மீண்டும் உருவாகியிருந்தது. இம்மாற்றத்திற்குச் 'சிறகற்ற' எனப் பொருள்படும் 'விங்லெஸ்' என்ற பெயர் இடப்பட்டது. பின்னர் சர்மாவும் வி. எல். சோப்ராவும் இணைந்து, சிறகின் மீதும் சமநிலை உறுப்பின் மீதும் இம்மாற்றத்தின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்து 1976-இல் வெளியிட்டனர்.

இந்த முதல் மாற்றம் மரபணுவின் புரதத்தைக் குறிக்கும் பகுதியில் நிகழவில்லை என்பது பின்னாளில் தெரிய வந்தது. மரபணுவுக்கு அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியின் ஒரு துண்டே அழிந்திருந்தது. அதனால் புரதம் உடலின் பிற இடங்களில் வழக்கம்போல் உருவாகிறது. சிறகு தோன்றும் இடத்தில் மட்டும் குறைந்துவிடுகிறது. ஈ உயிர் பிழைத்து, சிறகை மட்டும் இழப்பதற்கு இதுவே காரணம். புரதத்தையே முழுமையாக அழிக்கும் மாற்றங்களில் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகிறது.

கருவளர்ச்சி மரபணுக்களின் தேடல்

கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட், எரிக் வீஸ்சவுஸ் ஆகியோர் பழ ஈயின் உடற்கண்டங்களைப் பாதிக்கும் சடுதி மாற்றங்களைத் திட்டமிட்டுத் தேடி, முடிவுகளை 1980-இல் வெளியிட்டனர். எட்சாக் மரபணுவின் பெயர் இத்தேடலில் தோன்றியது. அது பழுதுற்ற இளவுயிரியின் உடல் முழுதும் முட்கள் நிறைந்து முள்ளெலிபோல் தோன்றியமையால் இப்பெயர் வந்தது. விங்லெஸ் மரபணுவும் உடற்கண்டங்களின் அமைப்புக்குத் தேவையானது என்பது இத்தேடலின் வழியே புலப்பட்டது. இவ்விருவரும் எட்வர்ட் லூயிசுடன் இணைந்து 1995-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

நாட்ச் மரபணு இவற்றைவிடப் பழமையான வரலாறு உடையது. சிறகின் ஓரத்தில் வெட்டுப்பட்டது போன்ற தோற்றமுடைய ஈக்கள் 1910-களில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டன.

புற்றுநோய் மரபணுவுடன் இணைவு

ரோயெல் நுஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் ஆகியோர் எலிகளில் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு தீநுண்மம் (வைரசு) எந்த மரபணுவின் அருகே நுழைந்து அதனைத் தூண்டுகிறது என ஆராய்ந்து, 1982-இல் 'இன்ட்-1' எனும் மரபணுவை அறிவித்தனர். ஈயின் விங்லெஸ் மரபணுவும் எலியின் இன்ட்-1 மரபணுவும் ஒரே மூதாதை மரபணுவின் வழிவந்தவை என்பது 1987-இல் வெளிப்பட்டது. இவ்விரு பெயர்களையும் இணைத்தே 1991-இல் 'விண்ட்' என்ற குடும்பப் பெயர் உருவாக்கப்பட்டது. சர்மா இட்ட பெயரின் முதலெழுத்து அதில் இன்றும் நிலைத்துள்ளது. மனிதரின் பெருங்குடல் புற்றுநோய்களுள் பெரும்பாலானவற்றில் இவ்வழித்தடத்தின் ஏதேனும் ஒரு மரபணு பழுதுற்றிருப்பது பின்னர் அறியப்பட்டது.

மரபணுத்தொகுதிகளின் காலம்

பழ ஈயின் மரபணுத்தொகுதி 2000-ஆம் ஆண்டு வெளியானது. தொடர்ந்து அனோபிலிஸ் கொசு (2002), தேனீ (2006), சிவப்பு மாவு வண்டு (2008), பட்டாணி அசுவினி (2010), நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியா (2011), கடற்கரைப் பூரான் (2014) ஆகியவற்றின் மரபணுத்தொகுதிகள் வெளியாயின. ஐயாயிரம் கணுக்காலிகளின் மரபணுத்தொகுதிகளைப் படித்தறியும் பன்னாட்டு முயற்சி ஒன்று 2011-இல் தொடங்கப்பட்டது. அம்முயற்சியின் வழியே 76 இனங்களை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரே ஓர் ஈயைக் கொண்டு எழுதப்பட்ட பாடம் எல்லாக் கணுக்காலிகளுக்கும் பொருந்துமா என்ற வினாவை இவற்றின் துணையால் ஆராய முடிந்தது.

படிவளர்ச்சியின் வழிகள்

மரபணு இழப்பு

இருபக்கச் சமச்சீருடைய விலங்குகளின் மூதாதையில் விண்ட் குடும்பத்தின் 13 துணைக்குடும்பங்கள் இருந்தன எனக் கருதப்படுகிறது. அவற்றுள் விண்ட்-3 கணுக்காலிகள் எதிலும் காணப்படவில்லை. டாப்னியாவில் எஞ்சிய 12 துணைக்குடும்பங்களும் உள்ளன. சிவப்பு மாவு வண்டில் ஒன்பது விண்ட் மரபணுக்களும், பழ ஈயில் ஏழும் மட்டுமே உள்ளன. சாறுறிஞ்சும் பட்டாணி அசுவினியில் விண்ட்-6, விண்ட்-10 உள்ளிட்ட சில இல்லை.

நெடுங்காலம் முன்மாதிரி உயிரியாகக் கொள்ளப்பட்ட பழ ஈ உண்மையில் பல மரபணுக்களை இழந்துவிட்ட ஓர் உயிரி என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாயிற்று. இதுவே இவ்வாய்வுகளின் முக்கியமான பாடம் எனலாம். ஈயில் இல்லாத ஒரு மரபணு முதுகெலும்பிகளில் மட்டுமே தோன்றியது என முன்பு எண்ணப்பட்டதுண்டு; மாவு வண்டிலும் சிலந்தியிலும் அது இருப்பது தெரிந்தபின், ஈயின் வழிமரபில் அது அழிந்தது எனத் திருத்தப்பட்டது.

இழப்பின் மற்றொரு எல்லை, பயிர்களைத் தாக்கும் இருபுள்ளிச் சிலந்திப்பேன் ஆகும். 2011-இல் வெளியான இதன் மரபணுத்தொகுதி சுமார் 9 கோடி இணைகளை மட்டுமே கொண்டது. அப்போது அறியப்பட்ட கணுக்காலி மரபணுத்தொகுதிகளுள் இதுவே மிகச் சிறியது. உடலின் பின்பகுதியை வரையறுக்கும் மரபணுக்களுள் ஒன்றையும் இது இழந்துள்ளது. இதன் உடலும் மிகக் குறைந்த கண்டங்களையே கொண்டது.

மரபணு இரட்டிப்பு

சிலந்திகள், தேள்கள் ஆகியவற்றின் பொது மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதுமே ஒருமுறை இரட்டித்தது என்பது வீட்டுச் சிலந்தி ஒன்றின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்ததன் வழியே 2017-இல் வெளியிடப்பட்டது. இச்சிலந்தியில் விண்ட்-7, விண்ட்-11 ஆகியவை இரண்டு படிகளாக உள்ளன. இரட்டித்த படிகளுள் ஒன்று பழைய பணியைத் தொடர, மற்றொன்று மறையலாம் அல்லது புதிய பணியை ஏற்கலாம்.

ஒடிசா, மேற்கு வங்கக் கடற்கரைகளில் வாழும் குதிரைலாட நண்டுகளின் வழிமரபிலும் இத்தகைய முழு இரட்டிப்பு தனியாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிகழ்ந்துள்ளது. ஆயினும் இவற்றின் புறத்தோற்றம் பல கோடி ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. எனவே மரபணுக்கள் பெருகினால் உருவமும் பெருகி வேறுபடும் என்று பொதுவிதி கூறுவதற்கில்லை.

பணி மாற்றம்

ஒரே மரபணு ஓர் உயிரியில் ஒரு பணியையும் மற்றோர் உயிரியில் வேறு பணியையும் செய்யலாம். பழ ஈயின் உடற்கண்டங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரையறுக்கப்படுகின்றன. இதற்கு நாட்ச் குறிகை தேவைப்படுவதில்லை. ஆனால் பெரும்பாலான கணுக்காலிகளில் கண்டங்கள் பின்முனையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. சிலந்தியில் நாட்ச் குறிகையைத் தடுத்தால் கண்டங்கள் சீர்குலைகின்றன என 2003-லும், கரப்பான் பூச்சியிலும் அவ்வாறே நிகழ்கிறது என 2008-லும் வெளியிடப்பட்டன. முதுகெலும்பிகளின் முதுகெலும்புக் கண்டங்களும் நாட்ச் குறிகையின் துணையோடே உருவாவதால், இது பொது மூதாதையிடமிருந்து வந்த முறையா, தனித்தனியே தோன்றியதா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

விண்ட்-8 மரபணுவைத் தடுத்தபோது சிலந்தியின் பின்உடல் வளராமற் போனது (2008). மாவு வண்டிலும் விண்ட் குறிகை குறைந்தால் உடலின் பின்பகுதி குறுகிவிடுகிறது. ஈயின் கண்டங்கள் மொத்தமாகத் தோன்றுவதால் அதில் இப்பணி மறைந்துவிட்டது.

முதுகு வயிறு அச்சிலும் இத்தகைய மாற்றம் உண்டு. பழ ஈயில் டோல் குறிகையே இதில் தலைமை வகிக்கிறது. சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்றில் டோல் திசையை மட்டும் காட்ட, எஞ்சிய பணியின் பெரும்பகுதியை டி.பி.பி. வகைக் குறிகை செய்கிறது என 2015-இல் வெளியிடப்பட்டது. வழித்தடங்கள் இரண்டும் இரு பூச்சிகளிலும் உள்ளன. பொறுப்பின் பங்கீடு மட்டுமே வேறு. டோல் மரபணு நோய் எதிர்ப்பிலும் பங்குகொள்வதை 1996-இல் காட்டிய ஆய்வுக்காக ஜூல்ஸ் ஹோஃப்மன் 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கட்டுப்பாட்டுப் பகுதிகளின் மாற்றம்

குறிகைப் புரதம் ஒன்று உடலின் பல இடங்களில் பயன்படுவதால், அதன் அமைப்பு மாறினால் எல்லா இடங்களும் ஒருசேரப் பாதிக்கப்படும். ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இருப்பதால், அவற்றுள் ஒன்று மட்டும் மாறினால் ஓர் உறுப்பு மட்டும் மாறும். தில்லியின் சிறகற்ற ஈ இதற்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த எடுத்துக்காட்டு ஆகும். இயற்கையில் நிகழும் உருவ மாற்றங்களுள் பலவும் இவ்வழியிலேயே நிகழ்கின்றன.

சில எடுத்துக்காட்டுகள்

சிறகும் சமநிலை உறுப்பும்

ஈக்களில் முன்சிறகு இரண்டு மட்டுமே உண்டு. பின்சிறகுகள் குண்டூசித் தலைபோன்ற சமநிலை உறுப்புகளாகச் சிறுத்துவிட்டன. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்திலும், பின்னர் புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்திலும் எல். எஸ். சசிதரா குழுவினர் இதனை ஆராய்ந்தனர். மூன்றாம் மார்புக் கண்டத்தில் இயங்கும் அல்ட்ராபைதோராக்ஸ் எனும் மரபணு, சிறகை வளர்க்கும் குறிகைகளைப் பல படிகளில் அடக்குவதாலேயே சமநிலை உறுப்பு உருவாகிறது.

அதே மரபணு தேனீ, பட்டுப்பூச்சி ஆகியவற்றின் பின்சிறகிலும் இயங்குகிறது. ஆனால் அங்கு சிறகு சிறுப்பதில்லை. இம்மூன்று பூச்சிகளிலும் அம்மரபணு எவற்றைக் கட்டுப்படுத்துகிறது என ஒப்பிட்ட இக்குழுவினரின் ஆய்வு 2016-இல் வெளியானது. ஆணையிடும் மரபணு மாறாமலே, அதன் ஆணைக்குக் கட்டுப்படும் மரபணுக்களின் பட்டியல் மாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

வேலைக்கார எறும்புகள்

எறும்புகளில் அரசிக்குச் சிறகு உண்டு. வேலைக்கார எறும்புகளுக்கு இல்லை. இரண்டுக்கும் மரபணுக்கள் ஒன்றே. அரசியில் சிறகை உருவாக்கும் மரபணு வலை பழ ஈயில் உள்ளதைப் போன்றே இயங்குகிறது. வேலைக்கார எறும்புகளில் அது இடையில் நின்றுவிடுகிறது. நிற்கும் இடம் இனத்திற்கு இனம் வேறுபடுவதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. முடிவு ஒன்றாயினும் வழிகள் பல என்பது இதன் கருத்து.

வண்டின் கொம்பு

சாண வண்டுகளுள் சில இனங்களில் நன்கு உணவு பெற்ற பெரிய ஆண்களுக்கு நீண்ட கொம்புகளும், சிறிய ஆண்களுக்குக் குறுங்கொம்புகளும் உண்டு. 2016-இல் வெளியான ஆய்வின்படி, எட்சாக் குறிகையைத் தடுத்தால் சிறிய ஆண்களும் நீண்ட கொம்பு பெறுகின்றன. அதாவது, உணவு குறைந்த நிலையில் கொம்பு வளராமல் தடுப்பது அக்குறிகையின் பணி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் உடற்கண்டங்களை வகுத்த அதே குறிகை இங்கு உணவுநிலைக்கு ஏற்ப உருவத்தை முடிவு செய்கிறது.

வண்ணத்துப்பூச்சியும் பட்டுப்புழுவும்

வசீகரன் எனப்படும் வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் கண்போன்ற புள்ளிகள் உண்டு. இவ்வினத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்க வண்ணத்துப்பூச்சியில், புள்ளியின் நடுப்பகுதி எட்சாக் குறிகையோடு தொடர்புடையது என 1999-இல் அறியப்பட்டது. பழ ஈயில் இல்லாத விண்ட்-ஏ எனும் மரபணு, பல வண்ணத்துப்பூச்சிகளில் சிறகின் கோடுகளையும் பட்டைகளையும் வரைகிறது. இம்மரபணுவைச் செயலிழக்கச் செய்து ஏழு இனங்களில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது.

பட்டுப்புழுவின் சில வகைகளில் உடலின் இருபுறமும் பிறை வடிவ இணைப்புள்ளிகள் காணப்படும. இப்புள்ளிகளைத் தோற்றுவிப்பது விண்ட்-1, அதாவது தில்லி ஈயில் பழுதுற்ற அதே மரபணு என்பது 2013-இல் காட்டப்பட்டது. தோலுரிக்கும் ஓமோன் உயரும்போதெல்லாம் அம்மரபணு அவ்விடங்களில் இயங்குகிறது. இரு வேறு வழித்தடங்கள் இணைந்து ஒரு புதிய வண்ணக் குறியை உருவாக்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஓமோன் வழித்தடங்களும் பூச்சிக்கொல்லிகளும்

கணுக்காலிகள் வளர வேண்டுமெனில் தோலுரிக்க வேண்டும். இதனைத் தூண்டும் எக்டைசோன் எனும் ஓமோனை அடோல்ஃப் பியூட்டனன்ட், பீட்டர் கார்ல்சன் ஆகியோர் 1954-இல் பிரித்தெடுத்தனர். இதற்கு அவர்கள் பயன்படுத்திய பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களின் எடை 500 கிலோகிராம். கிடைத்த ஓமோன் 25 மில்லிகிராம். இதன் ஏற்பி மரபணு 1991-இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. சிலந்திப்பேனில் வழக்கமான ஓமோனுக்குப் பதில் பொனஸ்டிரோன்-ஏ எனும் நெருங்கிய சேர்மம் இப்பணியைச் செய்கிறது.

தோலுரித்தபின் புழு மீண்டும் புழுவாகவே இருக்குமா, கூட்டுப்புழுவாகுமா என்பதை இளமை ஓமோன் முடிவு செய்கிறது. இது மிகுந்திருக்கும்வரை புழு புழுவாகவே இருக்கும். குறைந்தபின் உருமாற்றம் தொடங்கும்.

பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கும் சில கொல்லிகள் இவ்விரு வழித்தடங்களையே தாக்குகின்றன. எனவே எந்தப் பூச்சியில் ஏற்பி எவ்வளவு மாறியுள்ளது என்பதே அவற்றின் விளைவை முடிவு செய்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும்.

டெபுபெனோசைடு எனும் சேர்மம் எக்டைசோன் ஏற்பியில் பொருந்தி, காலமல்லாக் காலத்தில் தோலுரித்தலைத் தூண்டிப் புழுவைக் கொல்கிறது. ஈக்கள், அந்துப்பூச்சிகள் ஆகியவற்றின் வழிமரபில் எக்டைசோன் ஏற்பி பிற பூச்சிகளில் இருப்பதைவிட வேகமாக மாறியது என 2003-இல் வெளியிடப்பட்டது. அந்துப்பூச்சிகளின் ஏற்பியில் இச்சேர்மம் மிக வலுவாகப் பொருந்துகிறது. வண்டுகள், தேனீக்கள் ஆகியவற்றில் அவ்வாறு பொருந்துவதில்லை. ஆகவே இது காய்ப்புழு, இலைப்புழு ஆகியவற்றைக் கொன்று தேனீக்களை விட்டுவைக்கும். ஆனால் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுவே. தேனீக்குப் பாதுகாப்பானது என்பதால் அது பட்டுப்புழுவுக்கும் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது.

பைரிபிராக்சிபென் எனும் சேர்மம் இளமை ஓமோனைப் போலச் செயல்படும். இந்தியாவில் இது பருத்தியின் வெள்ளை ஈக்கு எதிராகப் பயன்படுகிறது. வெள்ளை ஈயும் பட்டுப்புழுவும் மிகத் தொலைவான உறவினர். எனினும் இளமை ஓமோன் வழித்தடம் இரண்டிலும் காக்கப்பட்டுள்ளது. அதனால் இம்மருந்து மிகச் சிறிதளவு முசுக்கொட்டை இலையில் படிந்தாலும், அதனைத் தின்ற புழுக்கள் தொடர்ந்து இலை தின்று பருக்குமேயன்றிக் கூடு கட்டுவதில்லை. புழு உடனே இறவாததால் காரணமும் எளிதில் தெரிவதில்லை. வளர்ப்பவர் முழுப் பருவத்தின் உழைப்பையும் இழக்க நேர்கிறது. நீரில் கலந்தால் டாப்னியாவையும் இது தாக்குகிறது. அவை பெண் குஞ்சுகளுக்குப் பதில் ஆண் குஞ்சுகளை ஈனுகின்றன.

இதே அறிவு நன்மைக்கும் பயன்படுகிறது. தாவரங்களிலிருந்து பெறப்படும் எக்டைசோன் வகைச் சேர்மங்களை முதிர்ந்த புழுக்களுக்கு உரிய நேரத்தில் இலையோடு அளித்து, அவை ஒரே நேரத்தில் கூடு கட்டுமாறு செய்யும் முறை இந்தியப் பட்டு வளர்ப்பில் உள்ளது.

திருப்பூர் மாவட்டத்தில்

மேற்கூறிய உயிரினங்களையோ அவற்றின் நெருங்கிய உறவினங்களையோ திருப்பூர் மாவட்டத்தில் எளிதில் காணலாம். நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த வெள்ளகோவில் பகுதியில் தென்னையும் பரவலாகப் பயிரிடப்படுகிறது. வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரங்களின் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாட்டுச் சாணத்தை உருட்டியும் புதைத்தும் வாழும் வண்டுகள் உண்டு. வீட்டில் நாட்பட்ட மாவில் காணப்படும் சிறு செந்நிற வண்டே, ஆய்வுக்கூடங்களில் ஈக்கு அடுத்தபடியாகப் பயன்படும் சிவப்பு மாவு வண்டு ஆகும். பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிற்றீக்கள் பழ ஈயும் அதன் உறவினங்களும் ஆகும்.

மாவட்டத்தின் தென்பகுதியில் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் முசுக்கொட்டைத் தோட்டங்களும் பட்டுப்புழு வளர்ப்பும் உள்ளன. அவற்றின் அருகிலேயே தென்னந்தோப்புகள் அமைந்துள்ளன. இவ்வட்டாரத்தை அடுத்த பொள்ளாச்சியில், தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்த ஈயைக் கட்டுப்படுத்த வேதிமருந்துகளைத் தவிர்த்து, அதனுள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா எனும் சிறு குளவியைக் காக்குமாறு வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். தோப்பில் கொல்ல வேண்டிய பூச்சி, காக்க வேண்டிய குளவி, அடுத்த தோட்டத்தில் வளர்க்க வேண்டிய புழு ஆகிய மூன்றும் பூச்சிகளே. மூன்றிலும் தோலுரித்தலையும் உருமாற்றத்தையும் நடத்தும் வழித்தடங்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. ஒரு மருந்து இவற்றுள் எதைத் தாக்கும் என்பதைப் பயிரின் பெயரைக் கொண்டு அறிய இயலாது. பூச்சியின் உறவுமுறையையும் ஏற்பியின் வரலாற்றையும் கொண்டே அறிய இயலும்.

விடை காணப்படாத வினாக்கள்

* பூச்சிகளின் சிறகு மார்பின் முதுகுத்தகட்டின் ஓரத்திலிருந்து தோன்றியதா, நண்டு இனங்களின் கால் அடிப்பகுதியிலிருந்து தோன்றியதா என்பது முழுமையாகத் தீரவில்லை. நண்டு இனம் ஒன்றில் சிறகு மரபணுக்களை ஆராய்ந்த இரு குழுக்களின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. இரண்டு பகுதிகளுக்கும் பங்குண்டு என்ற கருத்தும் உள்ளது.
* சில வழிமரபுகள் விண்ட் மரபணுக்களை இழந்தும் உடலமைப்பு கெடாமல் இருப்பதற்குக் காரணம், எஞ்சிய மரபணுக்கள் பணியைப் பகிர்ந்துகொள்வதா என்பது ஒவ்வோர் இனத்திலும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியுள்ளது.
* இதுவரை விரிவாக ஆராயப்பட்ட இனங்களுள் பூச்சிகளே மிகுதி. மரவட்டைகள், பூரான்கள், தேள்கள் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு.

இவற்றையும் பார்க்கவும்

* கணுக்காலி
* படிவளர்ச்சிக் கொள்கை
* பழ ஈ
* மரபணுத்தொகுதி
* உருமாற்றம்
* பட்டுப்புழு வளர்ப்பு
* வெள்ளகோவில்